மேல் தையல் சாயும் பக்கம்

செசிலியாவைப் பற்றி நல்ல வார்த்தை கேட்க வேண்டுமென்றால் என்னிடம் வராதீர்கள். அவளிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவள் நான். உண்மையைக் கேட்க வேண்டுமென்றால் மட்டும் வாருங்கள், என்னை விட்டால் ஆள் கிடையாது. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், செனாயில் ஒரே தொழிற்சாலையில், ஒரே லைனில், பக்கத்துப் பக்கத்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி நாங்கள் இருவரும் பாதி ஆயுளைக் கழித்தோம். தலைமுடியைவிட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஒட்டவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டும். அவள் தூக்கிப் போட்டது அதிகம். சூப்பர்வைசரே வந்து "கொஞ்சம் பார்த்து லா" என்று கெஞ்சுவார். "பார்த்துத்தான் தூக்கிப் போடுறேன்" என்பாள்.

அப்படிப்பட்ட கண் லினன் துணியில் போய் விழுந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அவள் கோயிலில் பலிபீடத்துத் துணியின் ஓரம் பிரிந்துபோய், தைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள், நாங்களும் கோயில் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைக் கோயில் என்றால் அவளுடையது, வெள்ளிக்கிழமைக் கோயில் என்றால் என்னுடையது. எங்களுக்குள் அதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. அந்தத் துணியின் மூலையில் சின்னதாக ஒரு திராட்சைக் கொத்து, எல்லாம் பெருக்கல் குறி பெருக்கல் குறியாகத் தைத்திருந்தது. அதைப் பார்த்தவள் பார்த்ததுதான். அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது.

குறுக்குத் தையல் பழகுகிறவர்கள் கட்டம் போட்ட துணியில்தான் தொடங்குவார்கள். ஓட்டைகள் தெளிவாகத் தெரியும், குழந்தைகூட ஊசியை விடலாம். லினன் அப்படியல்ல. கட்டமும் கிடையாது, ஓட்டையும் கிடையாது, வெறும் இழைதான். அதை எண்ணி எண்ணித்தான் ஊசி இறக்க வேண்டும். "எண்ண முடியாதவங்க எதுக்கு லினன் வாங்குறாங்க?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவர்களுக்கு மணிக்கணக்கில் சொல்லிக் கொடுக்கவும் செய்வாள். வாட்ஸாப்பில் 'ஊசி நூல் அக்காமார்' என்று ஒரு குழு. காஹாங்கிலிருந்து கெலாங் பாத்தா வரை அதில் பெண்கள் இருக்கிறார்கள். செசிலியாவுக்கு எழுத்து வராது என்றில்லை, பொறுமை வராது. அதனால் வாய்ஸ் மெசேஜ்தான்.

"ஏங்க, கேளுங்க. லினன் வாங்கிட்டு வந்தோன்ன கத்திரிக்கோல எடுக்காதீங்க. மொதல்ல தண்ணியில நனைச்சு, காய வச்சு, அயர்ன் பண்ணுங்க. சுருங்குறது இப்பவே சுருங்கட்டும். தைச்சு முடிச்சப்புறம் சுருங்குனா மயிலு கோழிக்குஞ்சு ஆயிடும், பாத்துக்குங்க."

"நாலு ஓரத்தையும் மொதல்ல மடிச்சுத் தைங்க. இல்லாட்டி பிரிஞ்சு பிரிஞ்சு வந்து கடைசியில கையில நூலுதான் இருக்கும், துணி இருக்காது."

"கண்ணு தெரியல, கண்ணு தெரியலன்னு என்னைத் திட்டாதீங்க. மடியில ஒரு கறுப்புத் துணி போட்டுக்குங்க. வெள்ளைக்கு அடியில கறுப்பு இருந்தா இழைக்கு நடுவுல உள்ள சந்து தானா தெரியும். கூர் ஊசி வேணாம், மொட்டை ஊசி. கூர் ஊசி இழையக் குத்தும், மொட்டை ஊசி வழி கேட்டுப் போகும்."

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: "லினன்ல ஒரு இழை தடியா இருக்கும், பக்கத்துல ஒண்ணு ஒல்லியா இருக்கும். மனுசங்க மாதிரிதான். அதனால ஒத்தை இழை மேல தைக்காதீங்க, கோணிக்கும். ரெண்டு இழையச் சேத்துப் பிடிச்சுத் தைங்க. தடியும் ஒல்லியும் சேந்தா கணக்குச் சரியாப் போயிடும்."

இவ்வளவையும் மன்னித்துவிடுவாள். முடிச்சுப் போட்டுத் தொடங்கினால்கூட நாலு திட்டு திட்டிவிட்டு விட்டுவிடுவாள். ஒன்றை மட்டும் மன்னிக்க மாட்டாள். ஒவ்வொரு பெருக்கல் குறியிலும் இரண்டு தையல் இருக்கிறதல்லவா? கீழே ஒன்று, அதன்மேல் குறுக்காக ஒன்று. அந்த மேல் தையல் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் சாய்ந்தால் கையில் வைத்துப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பக்கம் பளபளக்கும், மறு பக்கம் மங்கிக் கிடக்கும்.

நான் முதன்முதலாகத் தைத்தது ஒரு கிளி. தொழிற்சாலைப் பஸ்ஸிலும் மதிய உணவு நேரத்திலும் தைத்தேன். இறக்கை தைக்க வசதியாக இருக்கட்டும் என்று துணியைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். அதில் என்ன குற்றம்? துணியைத் திருப்பினால் தையலும் திரும்பிவிடும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? முடித்து, பெருமையாகக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். பஸ் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள்.

"கழுத," என்றாள். "உடம்பு ஒரு கிளி, இறக்கை வேற கிளி. பிரி."

பிரித்தேன். பஸ்ஸிலேயே உட்கார்ந்து, பச்சை நூலை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவி மனசு இளகவில்லை. செனாயிலிருந்து என் வீடு வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து நான் சரியாகப் பிரிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

இப்படிப்பட்டவளுக்குக் கடவுள் கொடுத்த பிள்ளை இடக்கைக்காரி. ஒரே மகள், மெலிசா. சோற்றில் இடக்கை போனால் பட்டென்று ஓர் அடி விழும். "நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?" என்பாள். அவள் கணவர் அமலநாதன் அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர், சாதுவான மனிதர். "விடேன், பிள்ளைக்கு அதுதான் வருது" என்பார். விட மாட்டாள். மெலிசா சோற்றுக்கு வலக்கை, பேனாவுக்கு இடக்கை என்று பழகிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மெலிசா ஒருநாள் அம்மாவின் லினன் துண்டு ஒன்றை எடுத்து, மூலையில் குட்டியாக ஒரு பூத் தைத்திருக்கிறாள். நானே பார்த்தேன், அழகான பூ. செசிலியாவும் பார்த்தாள். மேல் தையல் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இடக்கைக்காரிக்கு அப்படித்தான் வரும், கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. சாய்வு ஒரே பக்கமாக இருந்தால் போதாதா, எந்தப் பக்கமாக இருந்தால் என்ன என்று நான் கேட்டேன். "நாளைக்கு என் துணியில கை வைப்பா, அப்ப பாதி இங்க பாதி அங்கன்னு நிக்கும்" என்றாள். அன்று சாயங்காலமே அந்தப் பூவைப் பிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு மெலிசா ஊசியைத் தொடவே இல்லை.

எனக்கு அன்று செசிலியாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். அவளுக்கு அது தெரிந்ததா என்பதே சந்தேகம்.

மெலிசா வளர்ந்தாள், சிங்கப்பூரில் வேலைக்குப் போனாள், தினமும் எல்லைப் பாலத்து ஜாமில் நின்று நின்று கென்னத் என்ற நல்ல பையனைக் கண்டுபிடித்தாள். கல்யாணம் நிச்சயமானது. நிச்சயமான மறுநாளே செசிலியா லினன் வாங்கப் போனாள். அவள் குடும்பத்தில் ஒரு வழக்கம். கோயிலில் தாலியை ஃபாதர் மந்திரிப்பதற்கு முன்னால் அதைத் தட்டில் வைத்து, பெஞ்சு பெஞ்சாக எடுத்துப் போவார்கள், பெரியவர்கள் கையால் தொட்டு வாழ்த்துவார்கள். அந்தத் தட்டில் தாலிக்கு அடியில் விரிக்கும் வெள்ளைத் துணியைப் பெண்ணின் அம்மாதான் தைக்க வேண்டும். கடையில் வாங்கக்கூடாது, கூலிக்குக் கொடுக்கக்கூடாது, இன்னொருத்தி ஒரு தையல்கூடப் போடக்கூடாது. செசிலியாவின் அம்மா தைத்தது ஏதோ தடித்த துணியில் நாலு பூ. அதையும் அவள் விடவில்லை. "எங்கம்மா தைச்சதுல மேல் தையல் அங்கங்க மாறியிருக்கு" என்று சொல்வாள். அவள் பிறந்தது காஹாங் பக்கத்துத் தோட்டம். அதைப் பற்றிக் கேட்டால் "கொசு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

எடுத்தது அவள் கையில் பட்டதிலேயே நைசான லினன். தூக்கிப் பிடித்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரியும். நடுவில் ஒரு புறா, சுற்றி நாலு ஓரத்திலும் மல்லிகைக் கொடி. நூலில் ஒரே ஒரு புரிதான் போட்டாள். முழங்கை நீளத்துக்கு மேல் நூல் எடுக்க மாட்டாள், நீளமானால் துணியில் உரசி உரசி நைந்துவிடும் என்பாள். எழுந்திருக்கும்போதெல்லாம் துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றி வைப்பாள், துணியில் தழும்பு விழக்கூடாதாம். அந்தத் துணியை எடுப்பதற்கு முன்னால் கையைக் கழுவுவாள் பாருங்கள், ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர்கூட அப்படிக் கழுவமாட்டார். புறா முடிந்தது. கொடியில் இரண்டு ஓரம் முடிந்து மூன்றாவதில் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்குள் அந்தக் காலை வந்தது.

சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒவ்வொரு காயின் நுனியையும் ஒடித்துப் பார்த்து, கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவளின் வலக்கையிலிருந்து பை நழுவியது. குனிந்து எடுக்கப் போனாள், கை போகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். அது தமிழும் இல்லை, மலாயும் இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கடைக்காரர் நாற்காலி கொண்டு வந்தார், நான் கத்தினேன், யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். அன்று கத்தியதில் எனக்கு ஒரு வாரம் தொண்டை கட்டிக்கொண்டது.

உயிர் தப்பியது. வலக்கால் கோல் ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தது. வலக்கை வரவில்லை. பேச்சும் வரவில்லை, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அதுதான் கொடுமை. அவளுக்கு மிச்சம் இருந்த சொல் "சரி." தண்ணீர் வேண்டுமா என்றாலும் சரி, வேண்டாமா என்றாலும் சரி, கோபம் வந்தால் "சரி சரி சரி!" என்று மேசையைத் தட்டுவாள். ஆயுளில் யாருக்கும் எதற்கும் சரி என்று சொல்லாதவள்! வீட்டுக்கு வந்து எனக்குள்ளேயே சொல்லிச் சொல்லி அழுதேன்.

குழுவில் பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் அவளுடைய பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றை அவள் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். பழைய குரலைக் கேட்டால் உற்சாகம் வரும் என்று நினைத்தேன், புத்திசாலி நான். "ஏங்க, கேளுங்க" என்று குரல் வந்ததும் போனை இடக்கையால் தட்டிவிட்டாள். அது அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. அதற்குள்ளிருந்தும் அவள் குரல் லினனை நனைக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் ஆனது. யார் முன்னாலும் அவள் சாப்பிடவில்லை. ஸ்பூன் கொடுத்துப் பார்த்தோம். வேலை செய்வது இடக்கை மட்டும்தானே, அதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோக அவளுக்கு மனம் வரவில்லை. உறவுக்காரர்கள் வந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள். எல்லோரும் போன பிறகு, அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று அமலநாதன் அண்ணன் என்னிடம் சொன்னார்.

மெலிசா கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்றாள். "சரி சரி சரி!" என்று மேசை அதிர்ந்தது. தேதி மாறவில்லை. ஒரு சனிக்கிழமை மெலிசா என்னை வாசலுக்கு அழைத்தாள்.

"ஆன்ட்டி, அந்தத் துணிய நீங்க முடிச்சுக் கொடுக்க முடியுமா? அம்மா தைச்ச மாதிரியே தைக்க உங்களுக்குத்தான் வரும்."

"அம்மா ஒத்துக்கணுமே, பிள்ள."

"கேட்டேன். சரின்னாங்க."

"உங்கம்மா எதுக்குத்தான் சரின்னு சொல்லல இப்ப?"

மெலிசா சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். "அவங்க தைச்சதுதான் வேணும் ஆன்ட்டி. சின்ன வயசுல எவ்வளவு கோவம் வந்தாலும், அவங்க கை பட்ட துணியில என் தாலி இருக்கணும்னு ஆசை. பாதியில நின்னா அப்படியே விரிச்சிடுறேன். ஆனா அது அம்மாவுக்குத் தாங்காது."

அதுதான் உண்மை. பாதித் துணி தட்டில் போவதை செசிலியா உயிரோடு பார்க்க மாட்டாள். இன்னொருத்தி முடித்த துணியையும் பார்க்க மாட்டாள். நான் உள்ளே போய்க் கேட்டேன். துணி இருந்த பிஸ்கட் டின்னை மடியில் வைத்து, இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு "சரி" என்றாள். இந்த 'சரி' என்ன சரி என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. பிடுங்கிப் பார்த்தால் கடித்திருப்பாள்.

கல்யாணம் நெருங்கியது. ஒரு மத்தியானம் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது அவள் குளியலறையில் இருந்தாள். அண்ணன் வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். டின் மேசைமேல் இருந்தது. மூடி சரியாக மூடவில்லை. எவ்வளவு பாக்கி என்று பார்த்து வைத்துக்கொள்ளலாமே என்று துணியை எடுத்து விரித்தேன். மூன்றாவது ஓரம் முடிந்திருந்தது. நாலாவது தொடங்கியிருந்தது.

ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். அடக் கடவுளே! பழைய கொடி முழுவதும் மேல் தையல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. புதிய கொடி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அதோடு அங்கங்கே தளர்வு, இலை ஒன்று ஓர் இழை தள்ளிப் போயிருந்தது. இடக்கைக்காரி வேலை. எனக்குச் சந்தேகமே இல்லை, மெலிசாதான். அம்மாவால் முடியாது என்று முடிவு செய்து, வார விடுமுறையில் யாருக்கும் தெரியாமல் தைத்திருக்கிறாள். பிள்ளை ஆசையில் செய்தது, திட்ட முடியுமா? ஆனால் செசிலியா இதைப் பார்த்தால்? துணியில் பாதி இங்கே பாதி அங்கே! அவள் பார்ப்பதற்கு முன்னால் பிரித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். பிரிப்பதில் எனக்கு இருக்கும் பழக்கம் யாருக்கு இருக்கிறது? டின்னிலிருந்த குட்டிக் கத்திரிக்கோலை எடுத்து, நாலாவது ஓரத்தின் முதல் இலையில் நுனியை நுழைத்தேன்.

"கழுத!"

கத்திரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. குளியலறை வாசலில் செசிலியா கோலை ஊன்றி நின்றிருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் சிவந்திருந்தது. சந்தைக்குப் போன அந்தக் காலையிலிருந்து அவள் வாயிலிருந்து சரியைத் தவிர வேறு சொல் வந்ததே இல்லை. வந்த முதல் சொல்லே எனக்கான திட்டு. அதை நான் கோயில் மணி மாதிரிக் கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

"என்னடி சொன்னே? இன்னொரு தரம் சொல்லு," என்றேன்.

"க… கழுத," என்றாள். கோலைத் தட்டித் தட்டி வந்து, அதை மேசையில் சாய்த்துவிட்டு என் கையிலிருந்து துணியைப் பிடுங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புத் துணியை மடியில் போட்டாள். வளையத்தை மேசை விளிம்பில் சாய்த்து, வராத வலக்கையை இடக்கையால் தூக்கி அதன்மேல் வைத்தாள். காகிதம் பறக்காமல் கல் வைப்போமே, அப்படி. பிறகு இடக்கையால் ஊசியை எடுத்தாள். ஊசி கீழே போனது, மேலே வரவில்லை. துழாவினாள். வந்தது. கீழ்த் தையல் விழுந்தது. அடுத்து மேல் தையல். வலப்பக்கம் சாய்ந்தது.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கையால்! யார் முன்னாலும் ஒரு வாய் சோறு எடுக்காத கையால்!

சத்தம் கேட்டு அமலநாதன் அண்ணன் உள்ளே வந்தார். நான் அவர்மேல் பாய்ந்தேன்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தாம்மா காலையில ஊசியில நூல் கோத்து வச்சிட்டுப் போவேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா சாப்பாட்டுத் தட்டத் தள்ளுற மாதிரி இதையும் தள்ளி விட்டுடுவா. நான் என்ன செய்ய?" என்று வேன் துடைத்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செசிலியாவைக் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியுமா? "என் கிளியப் பிரிக்கச் சொன்னியே டீ. உன் பிள்ள பூவப் பிரிச்சியே. இது சாய்வு மாறியிருக்கே, தெரியுதா உனக்கு?" தெரியாமல் என்ன? அந்தக் கண்ணுக்கா தெரியாது? பழைய கொடியையும் புதிய கொடியையும் விரலால் தடவினாள். மேல் தையலை மாற்றிப் போட்டுப் பார், பழைய பக்கம் சாயும் என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு குறி அப்படிப் போட்டாள். மூன்றாவதில் கை தன் பாட்டுக்குத் திரும்பிவிட்டது. சரி, நான் பிரித்துத் தருகிறேன், மெதுவாக முதலிலிருந்து போடு என்றேன். கத்திரிக்கோலை எடுத்துத் தன் மடித் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சொல்ல அவளிடம் சொல்லும் இல்லை.

அன்றிலிருந்து நூல் கோப்பது என் வேலையானது. அண்ணன் கோத்தால் நூல் நுனி பிய்ந்து நிற்கும், எனக்கே பொறுக்காது. மெலிசாவிடம் சொல்லக்கூடாது என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். கடைசி மல்லிகை விழுந்த அன்று நாங்கள் மூவரும் தே ஓ, பால் விடாத டீ, போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் குவளையை என் முன்னால் தூக்கவில்லை. அதை மட்டும் அவளால் விட முடியவில்லை.

கல்யாணத்தன்று கோயிலில் தட்டு வந்தபோது என் பெஞ்சிலும் நின்றது. நானும் தாலியைத் தொட்டேன். உயரமான ஜன்னலிலிருந்து வெயில் சாய்வாக விழுந்தது, துணியில் பாதிக் கொடி பளபளத்தது, பாதி மங்கியிருந்தது. காட்டிக்கொடுத்துவிட்டது பாவி வெயில் என்று நினைத்தேன். முதல் பெஞ்சில் செசிலியாவின் முதுகு நேராக இருந்தது. மெலிசா தட்டையே பார்த்தாள். நாலு ஓரமும் முடிந்திருந்ததைப் பார்த்து என் பக்கம் திரும்பி, கண்ணால் நன்றி சொன்னாள். பாவம், நான் முடித்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. நான் செசிலியாவின் மேசையில் இருந்தேன். அவள் முன்னால் பிரியாணித் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக அண்ணன் டப்பாவே கொண்டு வந்திருந்தார். மணமக்கள் மேசை மேசையாக வந்தார்கள். மெலிசா அந்தத் துணியை மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள். குழுவிலிருந்து கெலாங் பாத்தா செல்வராணியும் வந்திருந்தாள். கண் கூர்மையானவள், வாய் அதைவிட. துணியை வாங்கி விரித்து, விளக்குப் பக்கம் சாய்த்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்கதானே சொல்லுவீங்க, மேல் தையல் மாறக்கூடாதுன்னு? இங்க பாருங்க. இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் வேற கை. யாரு ரெண்டு பேரு தைச்சது?"

எனக்கு அவள் தொடையைக் கிள்ள வேண்டும் போல இருந்தது. மெலிசா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் செசிலியா இடக்கையைத் தூக்கினாள். துணியைத் தன் பக்கம் இழுத்தாள். உதடு கோணிக்கொண்டு முயன்றது.

"ரெண்டும்," என்றாள். மூச்சு வாங்கினாள். பழைய கொடியில் விரலை வைத்தாள், புதிய கொடிக்கு நகர்த்தினாள். "ரெண்டும்… நான்."

செல்வராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெலிசாவுக்கு விளங்கியது. அம்மாவின் இடக்கையைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தி விரல் நுனி கறுத்துக் கிடந்தது. புதிய கொடியின் சாய்வைத் தன் கட்டைவிரலால் தடவினாள், ஒருமுறை போனவள் திரும்பவும் வந்தாள். அவள் தைத்த அந்தக் குட்டிப் பூவும் இப்படித்தான் சாய்ந்திருந்தது. கண் மை கரைந்து கன்னத்தில் ஓடியது, துடைக்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, கல்யாணப் புடவையோடு அம்மாவிடம் உட்கார்ந்துவிட்டாள். கென்னத் பாவம், அடுத்த மேசைக்குத் தனியாகப் போனான்.

செசிலியா ஸ்பூனைத் தள்ளி வைத்தாள். மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள், அவள் பயந்த அந்த நாலு பேரும் இருந்தார்கள். இடக்கையைப் பிரியாணியில் வைத்தாள், பிசைந்தாள், ஒரு வாய் எடுத்தாள். பாதி மடியில் விழுந்தது. அடுத்த வாய் எடுத்தாள்.

மெலிசாவுக்கும் ஒரு தட்டு வந்தது. பழக்கத்தில் வலக்கை சோற்றுக்குப் போனது, அப்படியே நின்றது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடக்கையைச் சோற்றில் வைத்தாள். செசிலியா திரும்பிப் பார்த்தாள். எத்தனை வருஷமாக அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன், அடுத்தது பட்டென்று அடிதான். அமலநாதன் அண்ணன்கூட அதைத் தடுக்கக் கையை நீட்டிவிட்டார்.

"சரி," என்றாள் செசிலியா, தன் தட்டிலிருந்த கோழித் துண்டை இடக்கையால் எடுத்து மகள் தட்டில் வைத்தாள்.